தீமை வந்த வழி

தில்லைப் பெருங்கோயிலிலே ஒருகால் திருவிழாக் கொடி ஏறாது நின்றது என்றும், கொற்றவன்குடியில் ஒதுங்கி வாழ்ந்த உமாபதி சிவாசாரியர் வந்து பாடிய பின்னரே அது ஏறிற்று என்றும் செவிவழி வரலாறு ஒன்று வழங்குகின்றது. அவர் பாடியது கொடிக்கவி. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் நான்கே பாடல்களால் அமைந்த மிகச் சிறு நூல் அது. விழாக் கொடி ஏறவேண்டிய வேளையில் ஒருவர் எதனைப் பாடுவார்? நகரின் அழகைப் பாடுவார். எழுந்தருளும் இறைவனின் புகழைப் பாடுவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். உமாபதியாரோ இருளைப் பற்றித் தொடங்குகின்றார். ஒளி இருக்கும் இடத்திலேயே இருளும் இருக்கின்றது. உயிருக்குள்ளே அறிவே வடிவான இறைவன் விளங்கிக்கொண்டிருக்கவும் அவ்வுயிர் மும்மலத்தில் அமிழ்ந்து கிடக்கின்றது. அது அருளைக் கூடும் பொருட்டே கொடி என்பது அவர் கருத்து. மங்கல வேளையில் இப்பேச்சு எதற்கு என்று அன்று எவரேனும் முகம் சுளித்திருக்கவும் கூடும். ஆயினும் விழா எடுப்பதற்கே காரணம் இந்த இருள்தான் என்பதை எண்ணிப் பார்ப்பின், அவர் வேறு எங்கே தொடங்கியிருக்க முடியும்?

இருள் என்று அவர் சொன்னதை உலகம் தீமை என்று சொல்லும். அருளே வடிவான ஒருவன், எல்லாம் வல்ல ஒருவன், எல்லாம் அறிந்த ஒருவன் இருக்க, இத்தீமை எவ்வாறு வந்தது? கிரேக்க நாட்டு எபிகூரசின் பெயரால் ஒரு வினா வழங்குகின்றது. தீமையை நீக்க நினைத்தும் இறைவனால் முடியவில்லை எனின் அவன் வல்லவன் அல்லன். முடிந்தும் நினைக்கவில்லை எனின் நல்லவன் அல்லன். இரண்டும் உண்டெனின் தீமை இருப்பானேன் என்பது அதன் சாரம். இதனை நாத்திகர் வினா என்று தள்ளிவிடுவார் உளர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எவளும் எபிகூரசைப் படியாமலே இவ்வினாவைக் கேட்டிருக்கின்றாள். நம்மவரும் அவனன்றி ஓரணுவும் அசையாது என்று நாள்தோறும் சொல்லுகின்றோம். கள்வனின் கையும் அவனால்தான் அசைந்ததோ என்று ஒரு சிறுவன் கேட்டால், விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

இதற்குப் பாரத நாட்டுத் தத்துவ நூல்கள் பெரும்பாலும் சொன்ன விடை வினை என்பது. பிரம சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்து முதற் பாதத்தில் இத்தடை எழுப்பப்படுகின்றது. ஒருவனைச் செல்வனாகவும் ஒருவனை வறியனாகவும் படைத்தல் ஓரவஞ்சனை ஆகாதோ, கொடுமை ஆகாதோ எனின், ஆகாது. அவன் அவரவர் வினையை நோக்கியே படைக்கின்றான் என்பது விடை. முதற் படைப்பிற்கு முன் வினை ஏது எனின், பிறவித் தொடர்ச்சிக்கு முதல் இல்லை, வினையும் அநாதி என்று அடுத்த சூத்திரம் முடிக்கின்றது. தமிழகத்திலோ ஆசீவகர் ஊழையே முற்றுமுடிவாகக் கொண்டு, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றனர். திருவள்ளுவர் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலியைப் பேசி, 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினை உடைமையைப் பேசினார். இவ்விரண்டையும் ஒருவரே எழுதினாரா என்று வியப்பவர்கள், வாழ்க்கையில் இவ்விரண்டும் ஒரே நாளில் ஒருவனுக்கு நேர்வதைக் கண்டதில்லை போலும்.

வினை என்னும் விடை உண்மையே. ஆயினும் அது முழு விடை அன்று என்று கண்டவர்கள் தமிழ்நாட்டுச் சைவ ஆசாரியர்கள். தீவினை செய்ததனால் துன்பம் வந்தது, நன்று. தீவினையை உயிர் ஏன் செய்தது? முன்னைத் தீவினையால் எனின், அதனை ஏன் செய்தது? பின்னோக்கிச் செல்லச் செல்ல வினா தள்ளிப்போகின்றதேயன்றித் தீரவில்லை. வினை செய்தற்குரிய ஒரு கோணல் வினைக்கு முன்னமே உயிரிடத்து இருத்தல் வேண்டும். அதனையே ஆணவம் என்றனர்.

13-ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் நிகழ்ந்ததாகச் சைவ உலகம் போற்றிவரும் நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைத்தல் தகும். மெய்கண்டார் வயதில் இளையர். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தியாரோ அவர் குடும்பத்துக்கே ஆசானாய் இருந்த முதியவர். இளைஞர் ஒருவர் பாடம் சொல்லுகின்றார், கூட்டம் கூடுகின்றது என்று கேள்வியுற்று வந்த பண்டிதர், தம்மைக் கண்டு எழாதிருந்த அவர்முன் நின்று, ஆணவ மலத்தின் சொரூபம் யாது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறந்திலர். வினவி நின்றவரை அடிமுதல் முடிவரை ஒருமுறை நோக்கினார். அவ்வளவே. நூற்பொருளாகக் கேட்ட ஒன்று தம் உருவாகவே அங்கு நிற்றலைப் பண்டிதர் உணர்ந்து, இளையவரின் அடியில் வீழ்ந்தார். தீமை எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு இதனினும் சுருங்கிய விடை எந்த நாட்டு நூலிலும் இருப்பதாக நாம் அறிந்ததில்லை. வினாவை வெளியே வீசினார் பண்டிதர். அது திரும்பி அவர்மேலேயே வந்து நின்றது.

அடியில் வீழ்ந்தவர் வினவுவதை விட்டுவிட்டார் என்று எண்ணற்க. அருணந்தியார் பின்னர் இயற்றிய இருபா இருபஃது முழுவதும் தம் ஆசிரியரை முன்னிறுத்தி எழுப்பும் வினாக்களே நிறைந்த நூல். மலம் உயிரை ஏன் பற்றிற்று, பற்றியதை நீக்குவார் யார், நீக்குதல் இறைவனுக்கு எளிதாயின் தாழ்ப்பானேன் என்ற போக்கில் அமைந்த வினாக்கள் அவை. ஆசிரியரைப் பணிந்தவர் கேட்ட கேள்விகள் ஆதலின் அவற்றில் ஏளனம் இல்லை. ஆனால் கூர்மை சிறிதும் குறையவில்லை. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலோகாயதர் முதலாகப் பதினான்கு மதத்தாரோடு வாதிட்ட அப்பெருமகனார், தம் சமயத்தினிடமும் அதே கண்டிப்போடு கேட்டார் என்பதே நம் கருத்தைக் கவர்கின்றது.

ஆணவம் என்று வந்தது? என்றும் வரவில்லை, என்றும் இருந்தது. நெல்லோடு உமியும் செம்போடு களிம்பும் உடன் இருத்தல்போல, உயிரோடு அநாதியே உடன் இருப்பது. இறைவன் அதனைப் படைக்கவில்லை. உயிர் அதனைத் தேடிக்கொள்ளவும் இல்லை. மேலை நாட்டில் ஆகஸ்தீன் என்னும் பெரியார், 354 முதல் 430 வரை வாழ்ந்தவர், வேறு வழியிற் சென்றார். இறைவன் படைத்தன யாவும் நல்லன. ஆதலின் தீமை என்பது ஒரு பொருள் அன்று, நன்மையின் குறைபாடே. முதல் மனிதன் தன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அக்குறை நேர்ந்தது என்றார். ஆழ்ந்த கொள்கைதான். சித்தாந்தமோ இருளை ஒளியின் இன்மை என்று கொள்ள மறுத்து, அதுவும் ஒரு பொருளே என்று சாதித்தது. கண்ணிற் படலம் என்பது பார்வையின் இன்மை மட்டும் அன்று. பார்வையை மறைக்கும் ஒன்று அங்கே உள்ளது. அது உரித்து நீக்கற்பாலது. வெறும் இன்மையாயின் மருத்துவனுக்கு வேலை இல்லை. திருவருட்பயனில் இருளின் நிலைக்கென்றே மூன்றாம் அதிகாரத்தை ஒதுக்கிய உமாபதியார், புற இருளினும் இது கொடிது என்பதற்கு ஒரு காரணம் கூறுகின்றார். புற இருள் பிறவற்றை மறைத்தாலும் தான் இருட்டு என்பதையாவது காட்டிவிடும். ஆணவமோ தன்னையும் காட்டாது. ஆணவம் மிக்கவன் தனக்கு ஆணவம் இல்லை என்று சத்தியம் செய்வது நாம் நாளும் காணும் காட்சி அன்றோ?

அங்ஙனமாயின் உயிருக்குச் சுதந்திரம் உண்டோ, இல்லையோ? இங்கேதான் சித்தாந்தம் பிற சமயங்களினின்று மிகவும் விலகி நிற்கின்றது. முதலில் உயிர் சுதந்திரமாய் இருந்தது, பின்னர் கெட்டது என்று அது சொல்லவில்லை. கேவலம் என்னும் நிலையில் உயிருக்கு விருப்பும் இல்லை, அறிவும் இல்லை, செயலும் இல்லை. இருட்டறையில் கிடக்கும் கண் போன்றது. இச்சா ஞானக் கிரியைகள் அதன்பால் இயல்பாகவே உள்ளன. ஆனால் அவிந்து கிடக்கின்றன. இறைவன் மாயையினின்றும் தத்துவங்களைத் தோற்றுவித்துத் தருகின்றான். கலை என்னும் தத்துவம் செயலைக் கிளர்த்துகின்றது. வித்தை அறிவைக் கிளர்த்துகின்றது. அராகம் விருப்பைக் கிளர்த்துகின்றது. நியதி அவரவர் வினைப்பயனை அவரவரிடமே நிறுத்துகின்றது. ஆக, நாம் விரும்பவும் தேரவும் செய்யவும் வல்லோம் என்பதே தொடக்கத்தில் இழந்த சொத்து அன்று. சிறிது சிறிதாய் நமக்கு ஊட்டப்படும் உணவு. உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளும் விடியும்வரை எரியும் விளக்கு. விளக்கு ஏற்றியவனை, ஏன் இருட்டை வைத்தாய் என்று கேட்பது பொருந்துமோ? பொருந்தாது என்றே சித்தாந்தம் கூறும்.

கள்வன் கைக்கு வருவோம். இறைவன் உயிருக்கு இருவகை உபகாரம் புரிகின்றான். பொருளைக் காட்டுவது ஒன்று. உடன் நின்று காண்பது மற்றொன்று. ஞாயிறு ஒளி தந்தாலன்றிக் கண் எதனையும் காணாது. அவ்வகையில் ஒவ்வொரு காட்சியும் ஞாயிற்றினது. ஆயினும் கண் எத்திசை திரும்பிற்று என்பதற்கு ஞாயிறு பொறுப்பன்று. ஒரே கதிரவன்முன் ஒரு தாமரை விரிகின்றது, ஒன்று அரும்பி நிற்கின்றது, ஒன்று வாடுகின்றது என்னும் பழைய உவமையும் இதனையே விளக்கும். அணு அசைவது அவனால். அசைந்து சென்ற திசை நம்மால். முன்னை வினையிற் பழுத்து வந்த பிராரத்தத்தை நாம் தவிர்க்க இயலாது. அதனை நுகருங்கால் நான் செய்தேன், எனக்கு வேண்டும், அவனைக் கெடுப்பேன் என்று புதிதாய் ஏற்றிக்கொள்ளும் ஆகாமியம் முழுவதும் நம் கணக்கு. சுதந்திரம் குறுகிய இடமே. ஆயினும் அறமும் பாவமும் நிகழ்வது அவ்விடத்தில்தான்.

ஆணவம் என ஒன்று வேண்டுவதில்லை, மாயையும் வினையுமே போதும் என்று சொன்ன சைவர்களும் இருந்தனர். அவர்களை ஐக்கியவாத சைவர் என்பர். உமாபதியார் சங்கற்ப நிராகரணத்தில் அவர்களோடு வழக்காடினார். அந்நூல் சக ஆண்டு 1235-இல், அதாவது கி.பி. 1313-இல் செய்யப்பட்டதென அதன் பாயிரமே குறிக்கின்றது. நம் சாத்திரங்களில் இத்தகைய காலக் குறிப்பு அரிது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1311-இல், மாலிக் காபூரின் படை தமிழகத்துள் புகுந்து கோயில்களைச் சூறையாடிற்று. ஊர் எரிந்த புகை அடங்குமுன் எழுந்த நூல் என்றே கூறலாம். எனினும் அதில் போரும் இல்லை, படையும் இல்லை. வந்தவர்மீது வசையும் இல்லை. தீமை எங்குளது என்ற வாதம் உயிரின் உள்ளேயே நடக்கின்றது. மாயை விளக்காய் நின்று உதவுவது, உதவுவது மறைப்பதாகாது, ஆதலின் மறைப்பது வேறொன்று உண்டு என்பது அவர்தம் மறுப்பின் உயிர்நிலை. இது ஏதோ நுண்வாதம் என்று தோன்றலாம். மாயையே தீமை எனின் உடம்பும் உலகும் பகையாகிவிடும். மனைவி மக்களும் பகையாவர். உமாபதியார் காத்தது உடம்பின் மதிப்பை.

இனி, ஒரு கடினமான இடத்தை ஒளியாது சொல்லவேண்டும். மலம் சடம்; தானே தொழிற்படாது. அதனைத் தொழிற்படுத்திப் பழுக்கச் செய்வது இறைவனின் திரோதான சத்தி. ஐந்தொழிலுள் மறைத்தல் என்பது அதுவே. அப்படியாயின் மறைப்பிலும் அவன் கை உண்டு என்றாகின்றது. ஆம், உண்டு. கட்டியைப் பழுக்கவைத்து அறுக்கும் மருத்துவனையும், வைதும் அடித்தும் திருத்தும் பெற்றோரையும் உவமை காட்டி, ஒறுத்தலும் அருளே என்று நம் ஆசிரியர்கள் உரைத்தனர். மலம் முதிர்ந்து, இருவினை ஒப்பு நேர்ந்து, சத்தி பதியும் காலம்வரை இச்சிகிச்சை தொடரும். ஒரே கணத்தில் நீக்கலாகாதோ எனின், நோயைப் பிடுங்கி எறிகையில் நோயாளியும் உடன்போய்விடாமல் காப்பதே வைத்தியம் என்பர். இவ்விடை எல்லார் நெஞ்சையும் ஆற்றும் என்று நாம் சாதிக்க வரவில்லை. மருத்துவமனை வாயிலில் நிற்பவனுக்கு உவமை ஆறுதல் தராது.

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இவ்வினா பெருந்தீயாய் மூண்டது. இருக்கத்தக்க உலகங்களுள் இதுவே சிறந்தது என்று லைப்னிட்சு என்னும் செருமானிய அறிஞர் 1710-இல் நூல் எழுதினார். 1755 நவம்பர் முதல் நாள், புனிதர் அனைவரின் திருநாளன்று, மக்கள் தேவாலயங்களில் குழுமியிருந்த நேரத்தில் லிசுபன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் 1759-இல் ஒரு கதை எழுதி லைப்னிட்சின் கொள்கையை எள்ளி நகையாடினார். அதே நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், 1785-இல் மறைந்தவர், சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்டார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாசரின் சித்தியார் உரையை மறுத்துச் சிவசமவாதவுரை மறுப்பு என்னும் கண்டன நூலும் செய்தார். வீடுபெற்ற உயிர் சிவத்தோடு சமமாகும் என்பது சிவசமவாதம். முனிவர் இசையவில்லை. வீட்டிலும் உயிர் அருளால்தான் அறியும், அருளால்தான் இன்புறும், அடிமைத்திறம் நீங்காது. கட்டுற்ற காலத்தில் ஆணவத்துக்கு அடங்கிய உயிர், விட்ட காலத்தில் அருளுக்கு அடங்குகின்றது; தனித்து நிற்கும் தன்னரசு அதற்கு எக்காலத்தும் இல்லை. 1854-இல் ஆய்சிங்டன் என்னும் அமெரிக்கப் பாதிரியார் சிவஞானபோதத்தை ஆங்கிலமாக்கினார். 1895-இல் நல்லசாமிப் பிள்ளை அவர்கள் தாமே ஒரு மொழிபெயர்ப்பு வெளியிட்டு, இக்கொள்கையின் தருக்கத்தை மேலை உலகுக்கு உணர்த்தினார்கள்.

இத்தனையும் ஏட்டு வழக்கு. ஏட்டுக்கு வெளியே 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள், திருவாவடுதுறைக்கு அணித்தாகிய கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சமையலறையிற் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. மகாமகக் குளமும் நாற்புறமும் கோபுரங்களும் நிற்கும் ஊர். அந்நாட்களில், அவை முன்னை வினையோடு வந்த குழந்தைகள், கழித்துப் போயின என்று சொல்லக் கேட்டோம். சொன்னவர்களுள் சமயம் கற்றவர்களும் இருந்தனர். இது சித்தாந்தம் அன்று. எவ்வுயிரின் வினை எது, எப்போது பழுத்தது என்று அறிந்தவன் ஒருவனே. அவனன்றி வேறெவரும் அக்கணக்கைப் பிறர் வீட்டு வாயிலில் நின்று படிக்கச் சாத்திரம் எங்கும் உரிமை தரவில்லை. மேலும், கீற்றுக் கூரையின் கீழ்க் குழந்தைகளை அடைத்துவைத்தவர்களின் ஆகாமியம் எங்கே போயிற்று? அனுமதி கொடுத்தவர்களின் ஆகாமியம் எங்கே? 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது. மேல்முறையீட்டில் சிலர் விடுவிக்கப்பட்டனர். குழந்தைகளின் முன்வினையைப் பேசுவோர் இவர்களின் இவ்வினையைப் பேசாதிருப்பது விந்தை. சுதந்திரமாகச் செய்த தவற்றை ஊழின் தலையில் ஏற்றுவதற்குப் பெயர் ஆசீவகம்; அருணந்தியார் மறுத்த மதங்களுள் ஒன்று.

நம் பெரியோர் எவ்வாறு நடந்தனர்? சூலைநோயால் துடித்து இரவில் வந்து அடியில் வீழ்ந்த தம்பியின் நோய்க்குக் காரணத்தைத் திலகவதியார் அறிவார். இறைவனே கனவில் உணர்த்தியிருந்தான் என்கின்றார் சேக்கிழார். ஆயினும் அவ்வம்மையார் தம்பியின் பழைய வாழ்வைச் சுட்டி ஒரு சொல்லும் இடித்துரைத்ததாக அவர் பாடவில்லை. திருநீறு கொடுத்து, விடியுமுன் அதிகை வீரட்டானத்துக்கு அழைத்துப் போனார். தம் தீவினையைப் பிற்பாடு வாயாரச் சொன்னவர் நாவுக்கரசரே. தன் வினையைத் தான் சொல்லுதல் பக்தி. பிறன் வினையைத் தான் சொல்லுதல் வேறு.

ஞானசம்பந்தரின் வரலாற்றில் இது மேலும் தெளிவு. கொங்கு நாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்று திருச்செங்கோடு என வழங்கும் தலத்தில், அவருடன் சென்ற அடியார்களைக் குளிர்சுரம் பற்றிற்று. பனிக்காலத்தில் அது அந்நிலத்தின் இயல்பு. நிலத்தின் இயல்பு, முன்னை வினை என்று இரு காரணங்களும் கையில் ஆயத்தமாக இருந்தன. இரண்டில் எதையேனும் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கலாம். பிள்ளையார் போகவில்லை. வினையை வினை என்று ஒப்புக்கொண்டு, அதனை ஒப்புக்கொண்டவர்கள் அதனின்று உய்யும் வழியை நாடாதிருப்பது குறையன்றோ என்று கேட்டு, நஞ்சை மிடற்றில் நிறுத்தியவன்மேல் ஆணையிட்டுத் திருநீலகண்டத் திருப்பதிகம் பாடினார். சுரம் அடியார்களை விட்டு நீங்கிற்று. அவர்களை மட்டுமன்று, அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்று சேக்கிழார் எழுதிவைத்திருக்கின்றார்.